மடியில் அம்மிக்குழவி

தென்காசிச் சீமையில் சாரலைப் பிடிக்காத ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது என் தம்பி. அப்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. ஆனி பிறந்து மலையிலிருந்து பொடிப்பொடியாகத் தூறல் இறங்கினால், மேலகரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு ஓடுவார்கள். தம்பியோ ஊசி குத்தியதுபோல அலறிக்கொண்டு, நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய்ச் செருகிக்கொள்வான். அவன் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சட்டையின் தையல் உறுத்தினால் கழற்றி எறிந்துவிடுவான். இதற்கெல்லாம் ஊரில் மூன்று பெயர்கள் இருந்தன: சேட்டை, பிடிவாதம், காத்துக்கருப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம்தான் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பும் என்னுடைய ஐந்தாம் வகுப்பும் ஒரே கொட்டகை. நடுவில் ஒரு ஓலைத்தட்டி. தட்டிக்கு அந்தப்புறம் அவன் எழுந்து ஓடுவதும், வாத்தியார் பின்னால் ஓடுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் பார்த்துவிட்டு வாத்தியார் அம்மாவை வரவழைத்தார்.

"எனக்கும் வேற வழி தெரியலம்மா. அவன் உக்காரவே மாட்டேங்கான். மத்த பிள்ளையளும் கெட்டுப்போகுது. இந்த மாசக் கடைசியோட கூட்டிட்டுப் போயிருங்க."

அம்மா "சரி சார்" என்றாள். 

அந்தச் சமயத்தில் கடையத்திலிருந்து மாமா குற்றால சீசனுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் போலீஸ் உத்தியோகம். பயம் என்று ஒன்று இருந்தால் அதை விரட்டிப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"பயலுக்குத் தண்ணிப் பயம்க்கா. அருவில ஒரு தடவ கொண்டுபோயி நிப்பாட்டினா தெளிஞ்சிரும்."

அம்மா சம்மதிக்கவில்லை. மறுநாள் மாமா, குரங்கு பார்க்கப் போகிறோம் என்று தம்பியிடம் சொல்லி, அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்துவிட்டார். விஷயம் தெரிந்து நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாமா அவனோடு பேரருவிக்குள் நுழைந்துவிட்டார். நான் கண்ணை மூடி, காதையும் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தேன். அலறல் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவ்வளவு பெரிய தண்ணீருக்கு அடியில் தோளைக் குறுக்கிக்கொண்டு தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க வெளியே வந்த மாமாதான், "ஏலே, போதும்லே, வாலே!" என்று கெஞ்சினார்.

திரும்பும் வழியில் சாரல் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. பிற்பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கினான்.

"எல்லாம் மூலிகைத் தண்ணியோட வேலைக்கா" என்றார் மாமா. மறுநாள் ஒரு குடம் அருவித் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்தார். அம்மா அதிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றியதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி தம்பி அலறினான். குடத்தில் அடைத்ததால் மூலிகைக்குச் சக்தி போய்விட்டது என்று சொல்லிவிட்டு மாமா ஊருக்குப் போய்விட்டார்.

அம்மா விடவில்லை. அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது மெல்லத் தடவினால் அவன் ஓடினான். அழுத்தித் தேய்த்தால் பக்கத்தில் வந்தான். ஜமுக்காளத்தில் இறுக்கச் சுருட்டினால், "இன்னும், இன்னும்" என்றான். அவன்மேல் ஏறி உட்காரச் சொன்னபோது நான் மிகுந்த சந்தோஷத்தோடு சம்மதித்தேன். ஒருநாள் அம்மா மிளகாய் அரைத்துக் கழுவி வைத்த அம்மிக்குழவியை அவனே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான். அம்மா சத்தமில்லாமல் போய்ச் சிலேட்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். சிலேட்டு நிறையச் சுழி சுழியாகக் கிறுக்கினான்.

"ஏட்டி, தண்ணி இல்லட்டி. கனம்! இவனுக்குக் கனம் வேணும்!" என்றாள் அம்மா.

எனக்கு அது புரியவில்லை. குழவியைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமக்கப்போவது யார் என்பது மட்டும் மறுநாள் காலையில் புரிந்தது. அன்று இட்லிக்குத் துவையல் இல்லை. "அம்மியில குழவியக் காணோமே?" என்று அப்பா கேட்டார். "பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு" என்றாளாம் அம்மா.

வாத்தியார் குழவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மடியில இருந்தா உக்காருவானாம் சார்" என்று அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். மாதக் கடைசிக்கு நாலே நாள் இருந்ததாலோ என்னவோ, அவர் மறுக்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் 'அ' எழுதினான். வாத்தியார் குனிந்து பார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் தம்பி துள்ள, குழவி உருண்டு அவர் கால் பெருவிரலில் விழுந்தது. அவர் ஒற்றைக்காலில் குதிப்பதைத் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்த நான், எல்லாம் முடிந்தது என்று தம்பியின் பையை எடுத்துக் கட்டப்போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரலைப் பிடித்தபடியே சிலேட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கல்லு வேண்டாம்ட்டி. மணலப் பையில கட்டிக் குடுத்துவிடச் சொல்லு, உங்கம்மாட்ட."

அப்பாவின் பழைய வேட்டியில் அம்மா பை தைத்தாள். சிற்றாற்று மணல் நிரப்பினோம். மாதக் கடைசி வந்தது, போனது. தம்பியை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. "ஏலே குழவி, சட்னி அரைச்சிட்டியா?" என்றார்கள். தம்பி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நான்தான் இரண்டு பேரோடு சண்டை போட்டேன். ஒருநாள் ஒரு பையன் பையைப் பிடித்து இழுக்க, அது கிழிந்து மணல் கொட்டிப்போனது. தம்பி மூலையில் போய்ச் சுருண்டவன், மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. வாத்தியார் யாரையும் அடிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு ஆளுக்கு ஒரு மணல் பை கொண்டாரணும். கொண்டாராதவன் வெளிய நிக்கணும்."

மறுநாள் தட்டிக்கு அந்தப்புறம் எல்லார் மடியிலும் மணல் பை. வாத்தியார் மடியிலும் ஒன்று.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். "தம்பியால எல்லாருக்கும் தண்டன குடுத்துட்டாரும்மா! எல்லாரும் மணலச் சொமக்குதாங்க!"

"சாரும் வச்சிருந்தாரா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமா."

 அம்மா கொல்லைக்குப் போய், அப்பாவுக்கென்று விட்டுவைத்திருந்த பிஞ்சு வெண்டைக்காயை எல்லாம் பறித்து ஒரு ஓலைப்பெட்டி நிறைய என்னிடம் கொடுத்தாள். "சார் வீட்டுல குடுத்துட்டு வா."

இப்படி ஒரு அநியாயம் செய்த மனிதருக்கு வெண்டைக்காய் எதற்கு? வழியெல்லாம் எனக்குக் கோபம். அவர் வீட்டுத் தெரு திரும்புமுன், நல்ல பிஞ்சாகப் பார்த்து இரண்டு பிடி அள்ளி வேலிக்கு அந்தப்புறம் வீசிவிட்டுத்தான் போனேன்.