இறங்கி வந்து வழி கேட்டவன்

ஐம்பது வயது தாண்டியும் எனக்கு வழி கேட்கத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது என் மகள். சோமனூரிலிருந்து கோயமுத்தூருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் எனக்குத் தெரியாத சந்தே இங்கே இல்லை என்று வீட்டில் அளந்துகொண்டிருந்தேன்.

அன்று அவளுக்கு நுழைவுத் தேர்வு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்றரை மணிக்கு கேட்டைப் பூட்டிவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான். செல்போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் அவளுடைய போன் வீட்டில். என்னுடையதை நானே சார்ஜில் விட்டு வந்தேன். "நம்ம ஆர்.எஸ்.புரத்துக்கு மேப் எதுக்கு கண்ணு" என்று பெருமை வேறு. அந்த ஆர்.எஸ்.புரத்தில் எனக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குச் சேலை எடுத்த ஒரே ஒரு கடை.

கடை வரைக்கும் பைக்கில் நன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு எல்லாக் குறுக்குத் தெருவும் ஒரே மாதிரி இருந்தது. பின்னாலிருந்து அவள் எட்டி என் வாட்ச்சைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. யாரையாவது கேளுங்கப்பா என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் வண்டியில் உட்கார்ந்தபடி வழி கேட்டால் திமிர் பிடித்தவன் என்று பேர். ஆகவே ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மருந்துக்கடை வாசலில் நின்ற ஒருவரிடம் போய் "ஏனுங்க" என்றேன்.

"சொல்லுங்க. உங்களுக்கு எந்தூருங்க?"

"சோமனூருங்க."

அவ்வளவுதான். அவருடைய சகலை அங்கே தறி போட்டிருந்தார். எந்த வீதி, இப்போது தறி ஓடுகிறதா, மழை உண்டா என்று விசாரித்தார். பாதியில் வெட்ட மனசில்லாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒருவழியாகப் பள்ளியைக் கேட்டதும், இப்படியே நேராகப் போனால் வரும் என்றார். போனோம். ஒரு காம்பவுண்ட் சுவர்தான் வந்தது. அவருக்கு அந்தப் பள்ளி எங்கே என்றே தெரியாது. மெனக்கெட்டு இறங்கி வந்தவனிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்து ஓர் இளநீர்க்காரர். மறுபடியும் ஸ்டாண்ட், ஹெல்மெட், ஏனுங்க. அவருக்குச் சொந்த ஊர் அன்னூர். மகள் "அப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"இரு அம்மணி, அண்ணன் சொல்லீட்டிருக்காரு."

அவள் இருக்கவில்லை. ஓடிப்போய், நின்றிருந்த ஆட்டோவில் குனிந்து பள்ளியின் பேரை மட்டும் சொன்னாள். டிரைவர் முகத்தைக்கூடத் திருப்பாமல், "ரெண்டாவது லெப்ட்டு" என்றார். அவள் ஓடினாள். நான் அப்போதும் இளநீர்க்காரரிடம் "வாரேனுங்க" சொல்லி, அவர் "வாங்க" சொல்லும்வரை நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. வெளியே ஒரு பெண் கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். முதுகைப் பார்த்ததும் என் மகள்தான் என்று ஓடினேன். கிட்டே போனால் வேறு யாரோ பெற்ற பிள்ளை. வாட்ச்மேனைக் கேட்டேன். கடைசி நேரத்தில் நிறையப் பேர் ஓடிவந்தார்கள், யாரென்று பார்க்கவில்லை என்றார். அக்கம்பக்கத்துத் தெருவெல்லாம் தேடினேன். அவள் இல்லை. உள்ளே இருக்கிறாளா, எங்காவது உட்கார்ந்து அழுகிறாளா என்று தெரியாமல் தேர்வு முடியும்வரை அந்த கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

புதிதாக இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு அங்கே நின்று கற்றதைச் சொல்கிறேன். வண்டியை விட்டு இறங்காதீர்கள். இடத்தின் பேரை மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஊரைச் சொல்லவே சொல்லாதீர்கள். தெரியாது என்று பட்டென்று சொல்கிறவரைக் கும்பிடுங்கள், அவரால் உங்களுக்கு நேரம் மிச்சம்.

கேட் திறந்தது. கூட்டத்தோடு அவளும் வந்தாள். உள்ளே விட்டாங்களா கண்ணு என்று கேட்டேன். தலையாட்டினாள். கேட்டைச் சாத்தும்போது நுழைந்தாளாம். நான் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் பஸ்ல வந்துக்கறேன்."