தட்டாரின் மூசையில் சுட்ட வில்லை

சுனாமியில் வீடிழந்து, யுத்தம் முடிந்த வருடம் முப்பத்தைந்து வயதில் மீண்டும் படிக்கப்போன மருதமுனை ஸுஹைறாவுக்கு அன்று சூளையில் நடந்தது ஒன்றுமே விளங்கவில்லை. ரேடியோவில் மின்னைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவிக்கான பீங்கான் வில்லை ஆயிரத்து முந்நூறு பாகையில்தான் இறுகும். மின்முனைக்காக அதோடு சேர்த்துச் சுடும் வெள்ளியோ அதற்குள் உருகிவிடும். தொள்ளாயிரத்தில் இறுகினால்தான் பட்டம். ஆறு மாதமாக அந்தச் சூட்டில் உதிர்ந்த வில்லை, காரைதீவுத் தட்டார் அழகரெத்தினத்திடம் இரவல் வாங்கிய, தங்கம் உருக்கும் மூசையில் வைத்து அதே சூட்டில் சுட்டதும் கல்லாய் இறுகியிருந்தது. பட்டறைக்கே ஓடினாள்.

“மூசைய உடைச்சிட்டீங்களா, மகள்?”

“இல்ல பத்தர். இதுக்குள்ள முந்தி என்ன போட்டீங்க?”

“வெங்காரம்தான். தங்கம் கெதியா உருகணுமே.”

“அப்ப மூசையில ஒட்டியிருந்த வெங்காரம்தான் வில்லையையும் குறைஞ்ச சூட்டுல இறுக்கியிருக்கு. எவ்வளவு போடுவீங்க?”

“அத ஆரு நிறுத்துப் பாக்கிற? கிள்ளிப் போடுறதுதான்.”

அவரது தராசை இழுத்து, வெங்காரத்தை மூன்று தரம் கிள்ளி வைக்கச் சொன்னாள். மூன்றும் வேறு வேறு நிறை. எது சரியென்று தெரியாமல் மூன்றையும் எழுதிக்கொண்டாள்.