சம்பந்தி வாசித்த முதல் பாட்டு

கொரோனா அடங்கிய பிறகு வந்த ஒரு கோடையில், ஒபர்வில்லியே என்ற பிரெஞ்சு நகரில் ஒரு மண்டபத்தில் என் மகளின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கிரேக்கர். அவருடைய தகப்பன், அதாவது என் சம்பந்தி, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அதைவிட முக்கியம், அவர்களுடைய மலைக்கிராமத்துத் திருவிழாக்களில் கிளாரினெட் வாசிப்பவர்.

அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போலவே ஓட்டை. அதனால் நாங்கள் இருவரும் நன்றாகவே பேசிக்கொள்வோம். தமிழ்க் கடைகள் நிறைந்த லாஷப்பல் பகுதியில் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது, ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுக் கண்ணாலும் மூக்காலும் நீர் வடிய, உறைப்பே இல்லை என்று சாதித்தார். அந்தப் பொய்க்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கலியாணத்தன்று நான் பின்வரிசையில் இருந்தேன். என் கணவர் இறந்து அதிக காலம் ஆகவில்லை. தாரைவார்க்க அவருடைய தமையனும் மனைவியும் மேடையில் நின்றார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் ஒதுங்கினேன். நல்ல நாளில் அழுதுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி கிளாரினெட்டை எடுத்தார். துள்ளல் பாட்டு வருமென்று இளசுகள் எல்லாம் ஆட ஓடிவந்தார்கள். வந்ததோ ஒப்பாரி. பாஷை தெரியாதவருக்கும் விளங்கக்கூடிய ஒப்பாரி. கணவரின் தமையன் எழும்பிவிட்டார்.

"இதென்ன, கலியாண வீடோ செத்த வீடோ? ஆராவது அந்த மனுசனை நிப்பாட்டுங்கோ!"

மகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அம்மா, அவையின்ரை ஊரிலை எந்தக் கொண்டாட்டத்திலையும் முதல் பாட்டு, வராமல் போன ஆக்களுக்குத்தானாம். இது அப்பாவுக்கு வாசிக்கிறார்."

"அப்பாவுக்கோ?"

"ஓம் அம்மா."

காலையிலிருந்து அடக்கியதெல்லாம் உடைந்தது. மண்டபமே பார்க்க, மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தமையனும் கதிரையில் சரிந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் தம்பிதானே.

சம்பந்தி பாட்டை முடித்து, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த நொடியே ஒரு குத்தாட்ட மெட்டுக்குத் தாவினார். கிரேக்கர்கள் கைகோத்து வட்டமாக ஆட, யாரோ தமையனையும் இழுத்துவிட்டார்கள். ஒரு கையால் அவிழப் பார்த்த வேட்டியையும், மறுகையால் சம்பந்தியின் பருத்த அக்காவையும் பிடித்துக்கொண்டு அவர் சுற்றிய சுற்றை இப்போதும் வீடியோவில் போட்டுச் சிரிக்கிறோம். வட்டத்தில் எனக்கும் ஓர் இடம் விட்டார்கள். நானும் ஆடினேன்.

நல்ல நாளில் கண்ணீர் ஆகாது என்றுதான் நான் வளர்ந்தேன். ஆனால் அன்று அழுது முடித்த பிறகுதான் என் மகளின் கலியாணத்துக்கு நான் உண்மையாகவே வந்து சேர்ந்தேன் என்று இன்றும் நினைக்கிறேன்.