மணிமொழி பார்க்காத மின்னல்

மணிமொழியைப் பற்றி எழுதச் சொன்னால் நல்லவள், கெட்டிக்காரி என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த நல்லவள் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் வாயைத் திறந்து, தனக்குத் தெரிந்ததை விட ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். அதைத்தான் எழுதுகிறேன். நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேமுக்குப் படம் போடுகிறவள். எனக்கும் இதில் பங்கு உண்டு, கைகழுவிக்கொண்டு எழுதவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து செல்போன் கேம் செய்கிறோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். "கேமெல்லாம் பெங்களூர்லதான செய்வாங்க, இங்க இன்னா?" என்பார்கள். முதலாளி அறிவுச்செல்வனையும் சேர்த்து நாலே பேர். மணிமொழி எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைப்பவர். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்குப் போகாமல் இங்கேயே பதினோரு வருஷம் இருந்துவிட்டாள். வாய்ப்பு வரவில்லை என்று இல்லை. அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, அவ்வளவுதான்.

கேமுக்கு அடியில் என்ஜின் என்று ஒன்று இருக்கும். பஸ்ஸை நகர்த்துவது, மழையைப் பெய்ய வைப்பது, சுவரில் மோதினால் நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. நாங்கள் போடும் படமும் சத்தமும் மேலே மாட்டுகிற சட்டை. எங்கள் என்ஜினை அறிவுச்செல்வன் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கினார். அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. அதே என்ஜினில் டிராக்டர் கேம், பட்டாசு கேம், ராட்டினக் கேம் என்று சட்டையை மாற்றி மாற்றி ஏழு கேம் போட்டுவிட்டோம்.

அந்த என்ஜினுக்கு ஒரு பழக்கம். திரையில் ஒரு படம் வரைந்தால் நேரம் ஓர் அடி நகர்ந்தது என்று எண்ணிக்கொள்ளும். அது பிறந்த காலத்தில் போன்கள் ஒரு வினாடிக்கு முப்பது படம் வரைந்தன. இன்றைக்கு வரும் போன்கள் நூற்றிருபது வரைகின்றன. ஆகவே புதுப் போனில் எல்லாமே நாலு மடங்கு வேகத்தில் ஓடும். பஸ் பறக்கிறது என்று புகார் வந்தால் மணிமொழி பஸ்ஸுக்கு ஒரு திருத்தம் போடுவாள். வைப்பர் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது என்றால் வைப்பருக்கு ஒன்று. சட்டையில் கிழிந்த இடத்தில் எல்லாம் ஒட்டுப் போட்டே வருஷங்கள் போயின.

"புது என்ஜினுக்கு மாறிடலாம் சார்" என்று அவள் வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள்.

"மாறி, கத்துக்கினு, முதல் கேம் வெளிய வர ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் இன்னா பண்றது? சின்னதுரை ஜீப் இருபத்தஞ்சு வருசத்து வண்டி. மலை ஏறுதா இல்லியா?"

"அவரு வாராவாரம் பானட்டத் தூக்கிப் பாக்குறாரு சார். நம்மால தூக்க முடியுமா?"

அறிவுச்செல்வன் சிரித்து மழுப்பிவிடுவார். கெட்டவர் இல்லை. வேலை கெட்டுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. எங்கள் எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது.

அவர் சொன்ன சின்னதுரை வெள்ளிமலைக்காரர், ஷேர் ஜீப் ஓட்டுபவர். எங்கள் ஏழாவது கேமான 'மலை பஸ்'ஸில் வரும் பாதை அவர் காட்டிய பாதைதான். ஜீப் முகப்பில் போனைக் கட்டிவைத்து, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் மூன்று தடவை மணிமொழியை ஏற்றி இறக்கினார். எந்த வளைவில் ஆரன் அடிக்க வேண்டும், எங்கே எதிர்வண்டிக்கு ஒதுங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கேமில் கேட்கும் ஆரன் அவர் ஜீப்புடையது. ஆடியில் கேம் வெளிவந்தபோது ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினாராம். "என் ரோடு, என் ஆரன்" என்று.

வெளியிடும் முன் எல்லாவற்றையும் மூன்று பழைய போன்களில் ஓட்டிப் பார்ப்போம். ஒன்றில் கண்ணாடி விரிசல், ஒன்று சார்ஜரிலேயே கிடக்க வேண்டும். எங்கள் கேமை ஆடுகிறவர்கள் கையில் அந்த மாதிரி போன்தானே இருக்கும்? இதில் ஓடினால் எதிலும் ஓடும் என்பது எங்கள் அலுவலகத்து வேதவாக்கு. நானும் அதை நம்பினேன். என் பையில் நூற்றிருபது படம் வரையும் புதுப் போன் இருந்தது. அதில் எங்கள் கேமை நான் ஒருநாள்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. எட்டு மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் யார் பார்ப்பது?

புரட்டாசியில் யாரோ ஒருவர் 'மழை லெவல்ல மின்னல் கண்ணைக் கூசுது, தலை சுத்துது' என்று எழுதியிருந்தார். மணிமொழி அதைத் திருத்த வேண்டியவற்றில் சேர்த்துவைத்தாள். பழைய போனில் போட்டுப் பார்த்தாள், மின்னல் அழகாகத்தான் மின்னியது. அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அறிவுச்செல்வன்.

கார்த்திகையில் கரியாலூர்ப் பக்கத்துச் சாலையையும் படம் எடுக்கலாம் என்று மணிமொழி சின்னதுரைக்குப் போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி அமிர்தம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அவுரு வண்டி எடுக்கறதில்ல மேடம். ஐப்பசியில வலிப்பு வந்து வுழுந்துட்டாரு. ஸ்டாண்டுல மழை பேஞ்சுக்கினு இருந்துது, ஆளுங்க இல்ல. உங்க கேம்தான் ஆடிக்கினு இருந்தாரு. எங்கண்ணன் கேரளாவுல மெளகு தோட்டத்துல இருந்து வாங்கியாந்து குடுத்த புது போனு. அப்டியே ஸ்டேரிங் மேல சாஞ்சிட்டாரு. ஆரன் அடிச்சிக்கினே கெடந்துதாம். ஜீப் சாவியப் புடுங்கிக் கையில குடுத்தாங்களாம், இரும்பு புடிக்கணும்னு."

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதல் தடவைதான், ஆறு மாதம் வண்டி ஓட்டாதே, மறுபடி வரவில்லையென்றால் சித்திரையில் பார்த்துச் சொல்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போனை வைத்த மணிமொழி என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க போனக் குடுங்க" என்றாள். கேமை ஏற்றினாள். மழை லெவலைத் தொட்டாள். எங்கள் பழைய போனில் வினாடிக்கு ஏறக்குறைய நாலு தடவை மினுங்கிய மின்னல், என் போனில் பதினைந்து தடவை அடித்தது. திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. என்னால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸுக்கும் வைப்பருக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுப் போட்டவள் மின்னலுக்குப் போடவில்லை. அவள் கண்ணில் படாததற்கு எப்படிப் போடுவாள்?

அறிவுச்செல்வன் ஒரு மணி நேரத்தில் மின்னலை எடுக்கச் சொல்லிவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சின்னதுரையிடம் சொல்ல வேண்டும் என்றதும் குரல் மாறியது.

"சொல்லி? ஏழு கேமும் ஒரே என்ஜின். ஒண்ணுல தப்புன்னு ஒத்துக்கினா ஏழையும் தூக்கணும். நாலு பேரு வூடு இருக்குது மணிமொழி."

"பட்டாசு கேமும் இப்பிடித்தான் மினுக்கும் சார். ராட்டினத்துல சீரியல் லைட்டு இருக்கு."

"அதுக்கும் ஒட்டுப் போடு."

"எனக்குத் தெரிஞ்சதுக்குப் போடுவேன். தெரியாததுக்கு?"

அவள் ஒட்டுப் போட்டாள். மார்கழி, தை, மாசி என்று ஏழு கேமிலும் மினுங்குகிற ஒவ்வொன்றையும் என் போனில் வைத்துத் தேடித் தேடி அடக்கினாள். அது பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டாள் போல. எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு போன் பண்ண எத்தனை நேரம் ஆகும்? அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டு நானே ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

பங்குனியில் ஒருநாள் வெள்ளைத் தாளில் கைப்பட எழுதி என்னிடம் நீட்டினாள். 'மலை பஸ் கேமை எழுதியது நான். அதன் மழை லெவலில் வெளிச்சம் வினாடிக்குப் பதினைந்து முறை மினுங்கியது. சின்னதுரை அண்ணன் விழுந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.' கீழே பெயர், ஊர், போன் நம்பர். கம்பெனி பெயர் இல்லை, அவள் பெயர் மட்டும். நானும் கூடப் போனேன்.

வெள்ளிமலையில் அவர் வீட்டு வாசலில் ஜீப் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஆறு மாதக் கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கெடு முடிந்தாலும் யார் ஏறுவார்கள் என்பதுதான் அந்த வீட்டின் கவலை. வலிப்புக்காரன் வண்டி என்று ஸ்டாண்டில் பேச்சாகிவிட்டது. மணிமொழி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், நாலு மாதம் மறைத்ததையும் சேர்த்து. சின்னதுரை தாளை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா மேடம்?"

அந்த இடத்தில் அவள் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அமிர்தம் கையைப் பிசைந்துகொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே. தப்பு பூரா எங்க கேம்லதான்" என்றாள் மணிமொழி.

அமிர்தம் அழுதாள். சின்னதுரை எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, பானட்டைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தார். நாங்கள் இறங்கி வரும்போது மணிமொழி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். படித்ததால்தான் மினுங்கும் விளக்கு வைத்துச் சோதிக்க வேண்டும் என்று சேலத்துக்கு அனுப்பினார். தலையில் ஒயர் ஒட்டி, கண்ணுக்கு எதிரே விளக்கை மினுக்கியதும் அங்கேயே தெரிந்துவிட்டது. கேம் காட்டிக்கொடுத்ததே தவிர, நோய் அவருக்குள் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. மலைச்சாலையில் மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு அடித்தாலும் அதே கதி ஆகலாம் என்றார்கள். ஜீப் மட்டும் இல்லை, இனி எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பாத்தியா? நம்ம என்ஜின்ல ஒண்ணும் இல்ல. அவுரு ஒடம்புலதான்" என்றார் அறிவுச்செல்வன். நிம்மதியாகச் சொன்னார். எட்டாவது கேமையும் அதிலேயே தொடங்கலாம் என்றார். மணிமொழி அன்றைக்கே வேலையை விட்டாள். இப்போது எலவனாசூர்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் டைப் அடிக்கிறாள். எட்டாவது கேமுக்கு நான் லாரிப் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது.

வைகாசியில் அவள் மறுபடி மலைக்குக் கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வீடு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. சின்னதுரை ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். ஜீப்பை விற்றுவிட்டு, மற்றவர்கள் வண்டிக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடும் வேலை. எங்களைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேண்ணே" என்றாள் மணிமொழி.

அவர் ரோட்டில் வந்த ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நீங்க வந்து சொல்லலன்னா சித்திரையில நான் வண்டிய எடுத்திருப்பேன் மேடம். பின்னாடி பத்துப் பேரு ஒக்காந்திருப்பாங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க இருப்பாங்க. அது எனக்குத் தெரியாம இல்ல. நீங்க செஞ்சது நல்லதுதான்."

மணிமொழி தலையை நிமிர்த்தினாள்.

"ஆனா ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி எங்க வூட்ல பாயாசம் வெச்சாங்க. அத்த நெனச்சா தாங்கல. இனிமே எங்க வூட்டுக்கு வராதீங்க."

சரி என்றாள் மணிமொழி. கச்சிராயபாளையம் போகிற ஜீப் ஒன்று புறப்பட நின்றது. சின்னதுரை முன் சீட்டில் இருந்த ஆளைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் அங்கே உட்கார வைத்தார். கதவை அடைத்துக் கொண்டி போட்டார். பிறகு பின்பக்கம் போய், இன்னும் ரெண்டு பேர், ரெண்டே பேர் என்று கூவ ஆரம்பித்தார்.