பெருமுக்கல் மலையின் மஞ்சள் பூ

1984, கார்த்திகைக் கடைசி ஞாயிறு, காலை 11.20. பெருமுக்கல் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, மலையில் பறித்த காட்டுச்செடியை நாளிதழில் பரப்பிக் குறிப்பெழுதுகிறேன். ஐந்து மஞ்சள் இதழ்கள், பெரிய இதழில் செம்பழுப்புக் கோடுகள், அவரைக் குடும்பம். ஒரே மாதிரி பூக்கும் இரண்டு இனங்களில் இது எது என்பதைக் காய்தான் சொல்லும். மயிர் இருந்தால் ஒன்று, வழுவழுப்பாக இருந்தால் மற்றொன்று. திண்டிவனம் பேருந்து வந்துவிட்டால் பெயரில்லாமலே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

“இன்னா சார், பூவுக்குப் பரிச்சை வச்சிக்கினு கீறீங்க?”

“காய் வேணும்மா. மலையில கெடைக்கல.”

“எறங்கி வர்றப்பவே உங்க பையில கிலுகிலுன்னு ஆடிக்கினு வந்துச்சே?”

“அது பென்சில் டப்பாம்மா.”

டப்பா என் மடியில் இருக்கிறது. அவர் பையைத் தூக்கி ஆட்டுகிறார், இன்னும் கிலுகிலுக்கிறது. கவிழ்த்தால், செடியிலிருந்து உதிர்ந்த, உள்ளே விதைகள் குலுங்கும் காய்ந்த நெற்று ஒன்று விழுகிறது. லென்ஸில் பார்க்கிறேன். ஒரு மயிர்கூட இல்லை!

பேருந்து வந்து நிற்கிறது. இனப்பெயரை எழுதிவிட்டு, ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் எழுத அவர் பெயரைக் கேட்கிறேன்.

“அஞ்சலை. மலையேறி மூச்சு வாங்கனது நீங்க, பேரு எனக்கா? ஏறுங்க சார் ஜல்தியா!”