பட்டவராயனுக்கு வைத்த ஷூ

இசக்கிதுரை நொண்ட ஆரம்பித்துவிட்டான் என்றால் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். விக்கிரமசிங்கபுரத்தில் அவன் தெருக்காரர்களுக்கு இதற்குப் பேப்பர் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவன் காலைப் பார்த்தாலே போதும். டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர், "என்ன வே, பாளையங்கோட்டையில இருந்து ஆர்டர் வந்துட்டோ? நம்ம இன்ஸ்பெக்டரு காலத் தேய்க்காரே" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். இசக்கிதுரையும் சிரித்துவைப்பான். வேறென்ன செய்வது?

மில்லில் அவனுக்குப் பதிலி வேலை. யாராவது லீவு போட்டால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. வாசலில் போய் நிற்பது, பேர் கூப்பிடாவிட்டால் திரும்பி வருவது என்று வருஷங்கள் ஓடின. வருஷங்கள்தான் ஓடினவே தவிர அவன் ஓடவில்லை. தேர்வுக்கு அழைப்பு வராத மாதங்களில் அவனை ஓடச் சொன்னால், "எதுக்கு? ஆள் எடுக்கும்போது பாத்துக்கிடலாம்" என்பான். அழைப்பு வந்த மறுநாள் விடியற்காலையில், அதுவரை சேர்த்துவைத்த சோம்பலுக்கெல்லாம் வட்டி கட்டுகிறவன் மாதிரி, தார் ரோட்டில் பாபநாசம் போய், மேட்டில் ஏறிக் கீழணை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுவான். சாயங்காலமும் ஓடுவான். காலில் பழைய கேன்வாஸ் ஷூ. அதன் குதிகால் பக்கம் தேய்ந்து அட்டை மாதிரி ஆகியிருந்தது.

முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள் ஓரமாக, ஒரு குறுகுறுப்பு. அப்புறம் அதுவே வலி. பல்வலி இறங்கி வந்து காலில் குடியேறினது மாதிரி இருக்கும். கட்டைவிரலால் எலும்பை அழுத்தினால் உயிர் போகும். இந்த வலியில் ஒரு வஞ்சகம் உண்டு. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடேறினால் போன இடம் தெரியாது. சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஓடுவான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு அது பாக்கியெல்லாம் கேட்கும். காலையில் கட்டிலிலிருந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும்.

இப்படி இரண்டு தடவை ஆகியிருந்தது. முதல் தடவை மைதானத்தில் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டான். இரண்டாம் தடவை கோட்டைத் தொட்டான், நேரம் முடிந்து விசில் ஊதின பிறகு. இரண்டு தடவையும் ஊருக்கு வந்து ஓட்டத்தை விட்டான், வலியும் பேசாமல் போய்விட்டது. அடுத்த அழைப்பு வந்தபோது இரண்டும் சேர்ந்து திரும்பி வந்தன.

இது மூன்றாவது அழைப்பு. இதுதான் கடைசியும். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவனுக்கு வயது தாண்டிவிடும். மில் வாசலில் நின்றே மயிர் நரைத்த பதிலிகள் அங்கே இருந்தார்கள். இதில் தேறாவிட்டால் அவனும் அந்த வரிசையில்தான்.

முதலில் எலும்பு வைத்தியர் இஸ்ரவேலிடம் போனான். அவர் எண்ணெய் போட்டு எலும்போடு சேர்த்து உருவிய உருவலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நரம்பு சுருண்டு கெடக்குடே. வலிக்குதுன்னு விட்டுராத, ஓடு. ஓடுனாத்தான் விரியும்" என்றார். ஓடினான். வலிதான் விரிந்தது. பிறகு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே இருந்த டாக்டர் எலும்பை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, அவன் போட்டிருந்த கேன்வாஸைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டு தார் ரோட்டுலயா ஓடுதீக?" என்றார். "எலும்ப ஒட்டின சவ்வும் சதையும் புண்ணாயிருக்கு. கொஞ்ச நாளைக்கு ஓட்டத்த நிறுத்துங்க. ஆத்துத் தண்ணியில கால வச்சிக்கிட்டு இருங்க. வலி போன பொறவு பைய ஆரம்பிங்க, மண் தரையில. அடி கனமா ஒரு ஷூ வாங்கிப் போடுங்க."

ஓட்டத்தை நிறுத்தச் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேர்வு ஆவணியில், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷூ மட்டும் மனதில் தைத்தது. அக்கா சுடலைவடிவு அன்றைக்கே பம்பாயில் இருந்த தன் புருஷனுக்குச் சொல்லிவிட்டாள். அப்பாத்துரை அத்தான் ஆனி மாதம் லீவில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே வெள்ளை ஷூ. பக்கவாட்டில் நீலக்கோடு, அடியில் இட்லிக் கனத்துக்கு ரப்பர். அந்த மாதிரி ஒன்றை இசக்கிதுரை டெலிவிஷனில்தான் பார்த்திருந்தான்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்தான். அளவு கச்சிதம். காலைத் தூக்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். தரையில் மட்டும் வைக்கவில்லை.

"கீழ ஊணி நில்லேம்லே" என்றாள் அக்கா.

"அழுக்காயிரும்க்கா."

"ஷூ அழுக்காவாம பின்னே?"

"செலக்சன் அன்னைக்குப் புத்தம் புதுசா போட்டுட்டு எறங்கணும். பாக்கவன் அசந்துரணும்."

"சவத்து மூதி. டாக்டர் ஒன்ன இப்பப் போடச் சொன்னாரா, அன்னைக்குப் போடச் சொன்னாரா?"

அவன் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, சாமி படம் இருந்த பலகையில் ஏற்றிவிட்டான். நம் ஆட்களிடம் இது ஒரு வியாதி. நல்ல சட்டை பெட்டியில் இருக்கும், கிழிசல்தான் உடம்பில் கிடக்கும். நல்ல தட்டு விருந்தாளிக்கு, நசுங்கினது நமக்கு. காலை நாசமாக்கிக்கொண்டிருந்த அந்த அட்டைக் கேன்வாஸிலேயே அவன் தார் ரோட்டில் தொடர்ந்து ஓடினான். ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு தரம் பார்ப்பான். அதில் அவனுக்கு ஒரு தெம்பு.

இதையெல்லாம் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் அம்மா மாரிக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. கை இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும், கண் மகன் காலில் இருக்கும். அவன் முதல் தடவை நொண்டி வந்தபோதே அவள் ஒரு நேர்ச்சை போட்டிருந்தாள்.

பாபநாசத்துக்கு மேலே காரையார் காட்டுக்குள் சொரிமுத்தையனார் கோவில் இருக்கிறது. அங்கே பட்டவராயனுக்கு ஒரு சன்னதி. செருப்புத் தைக்கிற வீட்டில் பெண் எடுத்தவர் என்பதால் அவருக்குச் செருப்புத்தான் காணிக்கை. புதுச் செருப்பாகக் கொண்டுபோய் வைப்பார்கள். ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காடெல்லாம் நடப்பார் என்பதும், மறுவருஷம் போய்ப் பார்த்தால் அடி தேய்ந்து மண் ஒட்டியிருக்கும் என்பதும் நம்பிக்கை. தேய்ந்திருந்தால் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

ஆடி அமாவாசைக்குத் தெருப்பெண்களோடு வேன் ஏறி மாரிக்கண்ணு காரையார் போனாள். இசக்கிதுரை போகவில்லை. அந்த இரண்டு மூன்று நாளாக அவனுக்குக் கால் ஊன்றவே முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லாததால் தைரியமாக முனகிக்கொண்டு கிடந்தான். அம்மா திரும்பி வந்தபோது எழுந்து உட்கார்ந்துகொண்டான். தேர்வுக்கு இன்னும் சில நாள்தான். ஷூவை ஒருமுறை பார்க்கலாம் என்று பலகையில் கையைவிட்டான். பெட்டி கனமில்லாமல் வந்தது.

"எம்மா, ஷூ எங்கம்மா?"

"பட்டவராயனுக்கு வச்சிட்டேன்."

"என்னது?"

"ஒன் காலு நல்லாவணும்னு வச்சிருக்கேன். அவரு போட்டு ஓடுவாரு. ஒனக்கு ஒண்ணும் செய்யாது."

"அது எனக்கு வந்ததும்மா! அத்தான் எனக்கு வாங்கிட்டு வந்தது! நீ யாரக் கேட்டு எடுத்த?"

"சாமிக்கு வச்சதக் கணக்குக் கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்து சுடலைவடிவு வந்து அம்மாவைக் கிழித்தெடுத்தாள். "ஒம்புள்ள பொழப்பக் கொண்டு காட்டுல போட்டுட்டு வந்துருக்கியே, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று அவள் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. இசக்கிதுரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கால் ஏற்கெனவே போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேர்வு மைதானத்தில் கேன்வாஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். விசில் ஊதினதும் முன்னால் ஓடியவர்களோடு கொஞ்ச தூரம் போனான். இந்தத் தடவை வலி சூட்டில் மறையக்கூட இல்லை. ஒவ்வொரு அடிக்கும் எலும்பில் சுத்தியல் இறங்கியது. ஒருவர், இன்னொருவர் என்று எல்லாரும் தாண்டிப் போனார்கள். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர், "தம்பி, முடியலன்னா ஓரமா வந்துருப்பா" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். இசக்கிதுரை ஓரமாக வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி ஓட வேண்டாம். இனி எவனும் ஓடச் சொல்ல மாட்டான். சுமைதாங்கியில் பாரத்தை இறக்கின மாதிரி உடம்பெல்லாம் லேசாகி, அப்படியே மரத்தில் சாய்ந்து தூங்கிவிடலாம் போல அசதியாக வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது. இதை ஊரில் போய் எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டான். டீக்கடையில் கேட்டார்கள். "எங்கம்ம ஷூவக் கொண்டு சாமிக்கு வச்சிட்டால்லா. அது மட்டும் இருந்திருந்தா" என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினான். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. அன்றிலிருந்து அவனை யாரும் இன்ஸ்பெக்டர் என்று கேலி செய்யவில்லை. பாவம், பெற்றவளே கெடுத்துவிட்டாள் என்று உச்சுக்கொட்டினார்கள். பீடிக்கடை வரிசையில் மாரிக்கண்ணுவின் முகத்துக்கு நேராகவே, "மவன் பொழப்ப மண்ணாக்கிட்டியே மைனி" என்று கேட்டவர்கள் உண்டு. அவள் பீடிக்கட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓட்டம் நின்றதும் வலி வழக்கம்போல் பேசாமல் போய்விட்டது. அசதி மட்டும் போகவில்லை. இசக்கிதுரை மில் வாசலில் நின்றான், வேலை கிடைக்காத நாளில் பாபநாசம் படித்துறையில் போய்க் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மீன்கள் வந்து விரலைக் கடிக்கும். இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவள் சோற்றைப் போட்டுத் தருவாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு மாரிக்கண்ணு, "வாலே, ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டாள். மறுக்கவும் அலுப்பாக இருந்ததால் கிளம்பினான். காரையார் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கோவிலைச் சுற்றிக் குடில்களும் பொங்கல் அடுப்புப் புகையுமாக இருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு பட்டவராயன் சன்னதிக்கு வந்தார்கள். செருப்புகள் குவியலாகவும் தொங்கலாகவும் கிடந்தன. சிலவற்றின் அடி தேய்ந்து மண் அப்பியிருந்தது. ஆட்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மாரிக்கண்ணு தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளை கொஞ்சம் பழுத்திருந்தது. தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு ஷூவைத் திருப்பினாள். அடியில் ரப்பர் அச்சு அன்றைக்குப் பார்த்த மாதிரியே முழுசாக இருந்தது. ஒரு துளி மண் இல்லை.

விரலால் அந்த அச்சை ஒரு தரம் தடவினாள். "அவருக்கும் காலு வலிச்சிருக்கும் போல" என்றாள்.

இசக்கிதுரைக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"எம்மா, நீ இத எடுக்கதுக்கு முன்னாலயே எனக்குக் காலு போயிட்டும்மா. இது இருந்திருந்தாலும் நான் ஓடிருக்க மாட்டேன். ஊர்ல நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"தெரியுமா?"

"காலையில நீ சொவரப் பிடிச்சிட்டு எறங்குறது எனக்குத் தெரியாதாலே?"

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்த? அம்புட்டுப் பேரும் ஒன்னையில்லா பேசுனாவ."

"ஒன்னப் பேசுததுக்கு என்னப் பேசிட்டுப் போவட்டும்னு இருந்தேன்."

அவனுக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. "அப்ப ஷூவ ஏம்மா எடுத்த?"

"புதுசா இருந்துச்சு, எடுத்தேன். போட்டத சாமிக்கு வைக்க முடியுமா?" மாரிக்கண்ணு ஷூவின் கயிற்றை உள்ளே மடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "தெனமும் நீ வெளிய போன பொறவு பொட்டியத் தொறந்து பாப்பேன், இன்னைக்காவது போட்டிருக்க மாட்டானான்னு. வேன் ஏறுத அன்னைக்கும் பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஒரு நா, ஒரே ஒரு நா, அதுல மண்ணு ஒட்டியிருந்தா நான் தொட்டிருப்பனாலே?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எந்தி, பஸ்ஸு கூட்டமாயிரும்" என்று முன்னால் நடந்தாள்.