மூணு மணிக்கு வேன் வரும்

என்னுடைய ஒரு முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றதை அப்புறம் பேசலாம்.

அண்மையில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். வெள்ளைச் சட்டை, தொங்கிய முகம், தழுதழுத்த குரல் – எல்லாம் முறைப்படிதான். ஒரே ஒரு குறை. யார் போய்விட்டார் என்று நினைத்துப் போனேனோ, அவரே எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

சீனி கொஞ்சம் தூக்கல். ஆனால், குறை சொல்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அவசர புத்தி ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் இந்த முறை என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கேளுங்கள்.

ஈப்போவில் சிலிபின் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகள். ஒரு கார் கேட்டுக்கு உள்ளே, ஒரு கார் வெளியே, மூன்றாவது கார் கடவுள் விட்ட வழி. அன்று வியாழக்கிழமை. மதியமே வேலை முடிந்து திரும்புகிறேன் – எதிர்வரிசையில் தங்கராஜு அண்ணன் வீட்டு வாசலில், ரோட்டின் மேல், ஒரு நீலக் கூடாரம். கீழே அடுக்கி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். பாட்டுச் சத்தம் இல்லை.

நம் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? ரோட்டில் கூடாரம், ஸ்பீக்கரில் பாட்டு என்றால் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள். ரோட்டில் கூடாரம், பாட்டு இல்லை என்றால்... அவ்வளவுதான். அதிலும் அண்ணனின் மனைவி சரசு அண்ணிக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் போய்வருகிறவர்.

நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கணக்கில் நான் எப்போதுமே வீக்.

காரை மரியாதையாகத் திடலோரம் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி அந்த நேரம் வேலையில் இருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் "மொதல்ல ஒரு போன் போடுங்க" என்றிருப்பாள். இந்தப் பத்தியும் பிறந்திருக்காது.

தங்கராஜு அண்ணன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. கூடாரத்துக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மனசத் தேத்திக்குங்கண்ணே. நம்ம கையில என்னா இருக்கு?"

"ஆமா தம்பி. வேற வழி தெரியல. அதான் போட்டுட்டேன்." கூடாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தன மணிக்கு எடுக்கறாங்க?"

"மூணு மணிக்கு வேன் வரும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எட்டரைக்குத் திரும்பக் கொண்டாந்து விட்டுருவாங்க."

பிடித்திருந்த கை நழுவியது. "திரும்பவா?"

"பின்ன? அவங்களே வச்சிக்குவாங்களா?"

'எடுக்கறது' – இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் இந்த நாட்டில் எத்தனை வேலை வாங்குகிறோம், பாருங்கள். பிள்ளையை ஸ்கூலிலிருந்து எடுப்போம். மனைவியைக் கம்பெனி வாசலில் எடுப்போம். விருந்தாளியை ஸ்டேஷனில் எடுப்போம். கடைசியில் ஆளையும் எடுப்போம். நான் கேட்டது கடைசி எடுப்பு. அவர் சொன்னது டயாலிசிஸ் வேன் வந்து எடுப்பது.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு சரசு அண்ணி வந்தார், கையில் ஒரு கப்போடு. ஒன்றே ஒன்றுதான், எனக்கு. அவருக்கு டாக்டர் தண்ணீரையே அளந்து கொடுத்திருக்கிறார்.

"என்னா தம்பி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு? வீட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுமா?"

தலைவலி என்று சொன்னேன். அண்ணன் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், சிவந்த கண்ணைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. புரிந்துவிட்டது. பேச்சு குறைவான மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு மட்டும் முழுவதையும் விலாவாரியாக மனைவியிடம் சொன்னார். என் முன்னாலேயே.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார். "அழுதானா?"

"கொஞ்சம்."

சரி, யாரும் போகாத வீட்டுக்கு எதற்குக் கூடாரம்? கேட்காமல் வர எனக்கு மனசு வருமா?

எங்கள் தெரு முனையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். நண்டு வறுவலை யாரோ வீடியோ எடுத்துப் போட, ஈப்போவில் பாதிப் பேர் எங்கள் தெருவில்தான் காரை நிறுத்துகிறார்கள். மற்ற வீடுகளுக்கு அது எரிச்சல். இந்த வீட்டுக்கு அப்படி இல்லை. டயாலிசிஸ் வேன் பெரிய வேன். கேட்டோரம் இடம் இல்லாவிட்டால் நிற்க முடியாது. ஒருநாள் கேட்டை மறித்து ஒரு கார். ஓனர் எந்த இலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அண்ணி வெயிலில் முனை வரைக்கும் நடந்திருக்கிறார். பாதி வழியில் தலை சுற்றி, லோங்காங் சாக்கடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சென்டருக்குப் போய்ச் சேரத் தாமதம். அந்த மெஷினுக்கு அடுத்த ஆள் காத்திருப்பார் அல்லவா? இவருடைய நேரத்தில் குறைத்துவிட்டார்கள். குறைந்த அன்றைக்கு ராத்திரி முழுக்க மூச்சு வாங்கியதாம்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சு கோன் வைத்தார் – கோன் காணாமல் போனது. பூச்சட்டி வைத்தார் – ஒரு புண்ணியவான் அதை அலுங்காமல் ஓரமாய் நகர்த்தி வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டுக் காரை நிறுத்தினார். பெயிண்ட் டின்னில் சிமெண்ட் கொட்டிக் குழாய் நட்டார். அது ஒரு காரின் பம்பரோடு போயிற்று. 'வழியை மறிக்காதீர்' என்று நாலு மொழியில் பலகை. காரை நிறுத்திவிட்டு இறங்கி, நாலு மொழியையும் நிதானமாக வாசித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

கடைசியில்தான் கூடாரம். லோரி ஓட்டின காலத்திலேயே கவனித்தாராம். ரோட்டில் எதை வைத்தாலும் ஹாரன் அடிப்பான். கூடாரத்தைப் பார்த்து மட்டும் எவனும் ஹாரன் அடிக்க மாட்டான்.

அப்படியா? எனக்குக் குறுகுறுப்பு வந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று மணி வரை அங்கேயே உட்கார்ந்தேன்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடம் தேடிப் பாய்ந்து வருகிற கார்கள் கூடாரத்தைக் கண்டதும் பூனை மாதிரி ஆகின்றன. ரேடியோ தணிகிறது. ஒரு மலாய் இளைஞர் மோட்டார் சைக்கிளில் போகிற போக்கில் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை தாழ்த்தினார். ஒரு சீன அம்மா கண்ணாடியை இறக்கி என்னை இரக்கத்தோடு பார்த்தார். நானும் சும்மா இருக்காமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். இல்லாத ஒரு சாவுக்கு நான்தான் அன்றைக்கு முதல் சொந்தக்காரன்.

ஏன் இப்படி? பலகை நமக்கு உத்தரவு போடுகிறது. உத்தரவு என்றாலே நமக்கு ஆகாது. கூடாரம் எதையும் சொல்வதில்லை. உள்ளே என்னவோ, யாருக்கு என்னவோ என்று நம்மையே யோசிக்க வைத்துவிடுகிறது. இனம், மதம், கார் விலை எதுவும் பார்க்காமல் எல்லாரும் ஒரு அடி விலகிப் போகிறோம்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. நானும் அண்ணனும் கூடாரத்தை ஓரம் நகர்த்த, கேட்டை ஒட்டிச் சொகுசாக நின்றது. அண்ணி ஏறினார். இத்தோடு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் கதை சுபம்.

நான் என்ன செய்தேன்? எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். 'பார்க்கிங் பிரச்சினைக்குத் தங்கராஜு அண்ணன் கண்ட தீர்வு' என்று தலைப்பெல்லாம் போட்டு, போட்டோவோடு. கை தட்டல், கட்டை விரல், பூங்கொத்து என்று வந்து குவிந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கூடாரம். பாசார் மாலாம் இரவுச் சந்தை வியாபாரியின் மஞ்சள் கூடாரம், எப்போதோ நடந்த தேர்தலில் மிஞ்சிய கூடாரம், என் வீட்டு வாசலில் மடக்குக் கூடாரம் ஒன்று... யோசனையைப் பரப்பினவன் நானே போடாமல் இருந்தால் எப்படி? தெருவே ஒரு பெரிய துக்க வீடு மாதிரி இருந்தது. கடைக்கு வந்த கார்கள் மிரண்டு திரும்பின. எனக்கு ஒரே பெருமை.

மூன்று மணிக்கு வேன் வந்தது. தெரு முனையில் நின்றது. நின்றதுதான். இரண்டு பக்கமும் கூடாரம். நடுவே மைவி மாதிரிச் சின்னக் கார் போகலாம், மோட்டார் சைக்கிள் போகலாம், அந்த வேன் போகாது.

கழற்றலாம் என்றால் கயிற்றைக் கேட்டிலும் லோங்காங் கம்பியிலும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டினவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். முடிச்சு மட்டும்தான் வீட்டில் இருந்தது. வேன் டிரைவர் ஹலிம் இறங்கி ஓடிவந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். அண்ணி பையோடு கேட்டில் நிற்கிறார். முனை வரைக்கும் கொதிக்கிற தார் ரோடு. தங்கராஜு அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

"ஒங்களோடது கட்டலதானே?" என்று கேட்டது என் மனைவி. அன்றைக்கு நல்லவேளையாக லீவில் இருந்தாள். "தூக்குங்க."

எங்கள் மடக்குக் கூடாரத்துக்கு நாலு கால். ஒரு காலை நான் பிடித்தேன். ஒன்றை மனைவி, ஒன்றை எதிர்வீட்டு லிம் அங்கிள், ஒன்றை ஹலிம். அப்படியே தூக்கிக்கொண்டு போய் அண்ணியின் தலைக்கு மேல் நிறுத்தினோம். அண்ணன் ஒரு கையில் அண்ணியின் கையையும் மறு கையில் ஒரு சிவப்பு நாற்காலியையும் பிடித்துக்கொண்டார். ஊர்வலம் புறப்பட்டது. அண்ணி நின்றால் கூடாரம் நிற்கும், நடந்தால் நடக்கும். அன்றைக்கு அவர் தலை சுற்றி உட்கார்ந்த அதே இடத்தில் சிவப்பு நாற்காலியைப் போட்டு, தேர் நிற்கிற மாதிரி கொஞ்சம் நின்றோம்.

முனையை நெருங்கியபோது, உள்ளே நுழைய வந்த ஒரு பெரிய கார் தானாகவே ரிவர்ஸ் எடுத்தது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ரசக் கையோடு எழுந்து நின்றார்கள். நிற்கிற கூடாரத்துக்கே அவ்வளவு மரியாதை, நடந்து வருகிற கூடாரத்துக்குக் கேட்க வேண்டுமா? கடை முதலாளி இளவட்டம். தலைத்துண்டை எடுத்துவிட்டு என்னருகே வந்து, குரலைத் தாழ்த்தி, யாரண்ணே என்று கேட்டார்.

கூடாரத்துக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

"நான்தான்லா. வேனுக்கு வழி விடு."

அந்த இளைஞர் அன்றைக்கு அரண்டதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கும் மெஷின் நேரத்தில் கொஞ்சம் குறைந்துவிட்டது. என் உபயம்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் கூடாரத்தையும் இறக்கிவிட்டார்கள். குழுவில் நான் போட்ட பதிவை நானே அழித்தேன். அதற்கும் யாரோ கை தட்டினார்கள். வியாழக்கிழமை மதியம் பார்க்கிறேன், கடை முதலாளி தெரு முனையில் தானே நின்று கார்களைத் திடல் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார். "அந்த அம்மாவோட வேன் வரும்" என்று ஒவ்வொரு காருக்கும் குனிந்து சொல்கிறார். அண்ணன் வீட்டு முன்னால் கோன் இல்லை, பலகை இல்லை, கூடாரமும் இல்லை. நண்டு வறுவல் நேரத்தில் எங்கள் தெருவில் சும்மா கிடக்கிற ஒரு காலி இடம். நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி வேனுக்காகக் கேட்டில் நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? எதற்கும் இருக்கட்டுமே, ஒரு பாதுகாப்புக்கு அந்த நீலக் கூடாரம் மட்டும் நிற்கட்டுமே என்றேன்.

"வேணாம்லா. நீ மறுபடி வந்து அழுவ."